கூரை தாழ்வா இருந்தா குள்ளமாயிடுவாங்களா?

இன்னொரு தடவை யாராவது "குகையில கூரை தாழ்வு, குனிஞ்சு குனிஞ்சு நடந்தே ட்வார்ஃப் எல்லாம் குள்ளமாயிட்டாங்க"ன்னு சொன்னா, பகடையை வெச்சுட்டு எழுந்து போயிடுவேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, ஆளுக்கொரு பாத்திரமா கற்பனை உலகத்துல கதை சொல்லி ஆடற பகடை ஆட்டம் இருக்கே, அதுக்கு உட்கார்ந்தாலே இந்தக் கூத்துதான். ட்வார்ஃப்னா அதுல வர்ற, சுரங்கம் தோண்டற குள்ள இனம். "நம்ம உலகத்துல கடவுள் படைப்பு கிடையாது, எல்லா இனமும் பரிணாமத்துல வந்தது"ன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுறாங்க. அடுத்த நிமிஷமே வாய்க்கு வந்ததை அளக்குறாங்க. குனிஞ்சு நடந்தா உனக்கு முதுகு வலிக்கும்யா, உன் பிள்ளை குள்ளமாப் பொறக்காது! குள்ளமா இருக்கறவன் அதிகமாப் பிழைச்சு, அதிகமாப் பிள்ளை பெத்தாத்தான் உயரம் குறையும்.

நிஜமாவே நடந்திருக்கு, பாருங்க. இந்தோனேசியாவுல ஃப்ளோரெஸ் தீவு, லியாங் புவா குகை, 2003. ஆதி மனுஷ இனம் ஒண்ணைச் சேர்ந்த, வளர்ந்த பெண்ணோட எலும்புக்கூடு கிடைச்சுது. உயரம் சுமார் 106 சென்டிமீட்டர். அதே தீவுல ஸ்டெகோடான்ங்கிற, யானைக்குச் சொந்தமான மிருகமும் சிறுத்துக் கிடந்துச்சு. யானை எந்தக் கூரைக்குக் குனிஞ்சுது? தீவுல தீனி குறைவு, சின்ன உடம்புக்குக் கொஞ்சம் போதும். ஆட்டத்துல வர்ற இன்னொரு குட்டி இனமான ஹாஃப்லிங்கை அங்க கொண்டுபோய் வைங்க, பொருந்தும். ட்வார்ஃபோ குட்டையா, அகலமா, தடிமனா இருக்கான். அது குளிருக்கான உடம்பு, அழிஞ்சுபோன ஆதி மனுஷ இனமான நியாண்டர்தால் மாதிரி. பனிமலையில உருவானவன் அப்புறமா சுரங்கம் தோண்டினான்னு சொன்னா நான் ஏன் கத்தப்போறேன்?

இருட்டுலயே வாழ்ந்ததால ட்வார்ஃபுக்கு இருட்டுல கண்ணு தெரியுமாம்! ஆழமான குகையில பார்க்கறதுக்கு வெளிச்சமே கிடையாது. மெக்சிகோவுல குகை மீனுக்குக் கண்ணே போயிடுச்சு. ராத்திரிப் பார்வை வேணும்னா, நிலா வெளிச்சமாவது இருக்கற காட்டுல அந்த இனம் வளர்ந்திருக்கணும், ராத்திரியில திரியற குரங்கு வகை உயிரான டார்சியர் மாதிரி.

ஆட்டத்துல வர்ற கூர்க்காது இனமான எல்ஃப் விஷயத்துல இன்னும் வயிறு எரியுது. 750 வருஷ ஆயுசு, கேட்டா "ஞானிங்க, அதான்". சாவு அபாயம் குறைஞ்ச இடத்துலதான் நீண்ட ஆயுசும் நிதானமான வளர்ச்சியும் வரும். கிரீன்லாந்து சுறா குட்டி போடற பருவத்துக்கு வரவே ஏறக்குறைய 150 வருஷம் ஆகும்னு கணக்கிட்டிருக்காங்க. நீங்க தலைமுறைக்கு ஒரு போர் வெச்சு எல்ஃபைக் கொன்னுக்கிட்டே இருக்கீங்க, அவன் நூறு வயசுல ஆளாகறான். இனம் எப்படி மிஞ்சும்?

மனுஷனுக்கும் எல்ஃபுக்கும் குழந்தை பிறக்குது, அந்தக் குழந்தைக்கும் குழந்தை பிறக்குது. அப்போ ரெண்டு பேரும் நெருங்கின பங்காளிங்க. சைபீரியாவுல டெனிசோவா குகை எலும்புத் துண்டு ஒண்ணு, நியாண்டர்தால் அம்மாவுக்கும், டெனிசோவன்ங்கிற இன்னொரு ஆதி மனுஷ இனத்து அப்பாவுக்கும் பிறந்த பொண்ணோடதுன்னு 2018-ல மரபணு காட்டிக்கொடுத்துச்சு. அவ்வளவு கிட்டத்து உறவுல ஒருத்தனுக்கு 80, இன்னொருத்தனுக்கு 750 வருஷம் எப்படி வந்துச்சு? ராத்திரி பூரா பேசவேண்டிய கேள்வி இது! "மந்திரம்பா, விடு"ன்னு ஒரே வார்த்தையில இழுத்து மூடுறாங்க. மந்திரமாவே இருக்கட்டும். அது யாரைப் பிழைக்கவெச்சுது, யாரைச் சாகடிச்சுது, பிள்ளைக்கு எப்படிப் போச்சு? அதைச் சொல்லுங்க.

அடுத்த ஆட்டத்துக்கு, ஆர்க்ங்கிற முரட்டு இனத்தோட கோரைப்பல்லுக்கு எனக்குக் காரணம் வேணும். மனுஷ வம்சத்துல அந்தப் பல் லட்சக்கணக்கான வருஷமா சிறுத்துக்கிட்டு வந்தது. ஆர்க்குக்கு மட்டும் ஏன் திரும்ப வளர்ந்துச்சு? கிழங்கு தோண்டவா, எதிரியை மிரட்டவா, ஜோடி பிடிக்கவா? "அவங்க கோபக்காரங்க"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வராதீங்க.