ஹ்யூமனைஸ் பட்டன் அமுக்கினா ட்ரம்ஸ்க்கு உயிர் வந்துடுமா? வராது

"ப்ரோக்ராம் பண்ண ட்ரம்ஸ் மெஷின் மாதிரி கேக்குதா, மியூசிக் சாஃப்ட்வேர்ல இருக்கற ஹ்யூமனைஸ் பட்டனை போட்டு எல்லா நோட்டையும் 20 மில்லிசெகண்ட் கண்டபடி தள்ளிவிடுங்க, நிஜ ட்ரம்மர் வாசிச்ச மாதிரி ஆயிடும்"னு ஒரு டிப்ஸ் சுத்திட்டு இருக்கு, தயவுசெஞ்சு நம்பாதீங்க. நல்ல ட்ரம்மர் கண்டபடி தடுமாற மாட்டார், ஸ்னேர் ட்ரம் அடி ஒரு துளி லேட்டா விழுதுன்னா பாட்டு முழுக்க கிட்டத்தட்ட அப்படியேதான் விழும். 2011ல ஹென்னிக் குழுவோட ஆய்வுலயும் மனுஷங்க டைமிங் வித்தியாசம் ஒண்ணுக்கொண்ணு தொடர்போட வருது, கேட்டவங்களுக்கும் வெறும் ராண்டமை விட அதுதான் பிடிச்சுதுன்னு தெரிஞ்சுது. முதல்ல வெலாசிட்டியை, அதாவது ஒவ்வொரு அடியும் எவ்வளவு பலமா விழுதுங்கற நம்பரை பாருங்க, ஹை-ஹாட் (ஜோடி சிம்பல்) எட்டு நோட்டும் 100லயே நிக்குதுன்னா பீட்ல 95, நடுவுல 65 பக்கம் வைங்க, ஸ்னேர் கோஸ்ட் நோட்டை (லேசா தட்டற அடியை) 30க்கு இறக்குங்க. ஸ்னேரும் க்ராஷ் சிம்பலும் சேர்ந்து விழற இடத்துல ஹை-ஹாட் நோட்டை அழிச்சிடுங்க, வாசிக்கறவருக்கு ரெண்டு கைதான்.