அம்மா காலை நீட்டினது ஆடம்பரம் இல்லை

அம்மாவுக்கு விமானத்துல, படுக்கையா விரியுற பிசினஸ் கிளாஸ் சீட் எடுத்துக் கொடுத்தேன். அதுல அம்மா இருக்கிற படத்தைப் போன ஞாயிறு போட்டேன், அதுக்கு வந்த கமெண்ட்டுகளை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "காலை நீட்டித் தூங்க இவ்வளவு காசா, பணத்திமிர்"னு எழுதினவர் என் ஊர்க்காரர். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியல.

முட்டி தேய்ஞ்ச 73 வயசு உடம்புக்கு, 15 மணி நேரப் பயணத்துல படுக்கை ஆடம்பரம் இல்லை. தேவை.

2019-ல அக்கா பிரசவத்துக்கு அம்மா எகானமியிலதான் அமெரிக்கா போனாங்க. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 31, 32 அங்குலம், சீட்டோட தடிமனும் அதுலயே அடக்கம். அம்மாவுக்கு நடு சீட். ஓரத்துல இருந்தவர் தூங்கிட்டார். அவரை எழுப்பி பாத்ரூம் போகக் கூச்சப்பட்டு, தண்ணியே குடிக்காம உட்கார்ந்திருக்காங்க. இறங்கினப்போ ரெண்டு காலும் வீங்கி, மெட்டி சதைக்குள்ள புதைஞ்சிருந்தது. சோப்பு போட்டும் வரல. அத்தான் கட்டிங் பிளேயரால வெட்டி எடுத்தார். அசையாம உட்கார்ந்தா கால் ரத்தக்குழாயில ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னப்போ எனக்குக் கை நடுங்கிடுச்சு.

"எல்லாரும் எகானமியில போகலையா?" போறாங்க. நானும் அதுலதான் போறேன். ஆனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-ல சிங்கப்பூர்ல இருந்து அமெரிக்காவுல இருக்கிற நியூவார்க்குக்கு நேரடி சேவையை மறுபடி தொடங்கினப்போ, 18 மணி நேரத்துக்கு மேல பறக்குற அந்த விமானத்துல எகானமியே வைக்கல. 67 பிசினஸ், சாதாரண எகானமியை விட இடம் தாராளமா இருக்கிற பிரீமியம் எகானமி 94, அவ்வளவுதான். அதுல போற அத்தனை பேருக்கும் திமிரா?

பிசினஸ் சீட் இடத்தை அடைக்குது, ஆளுக்கு ஆகுற எரிபொருள் அதிகம்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், மறுக்கல. ஆனா "அந்தக் காசுல நாலு பிள்ளைங்களைப் படிக்க வைக்கலாமே"ன்னவரே, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாள் மண்டபம் பிடிச்சப்போ நான் வந்து மனசார வாழ்த்திட்டுத்தானே போனேன்? கணக்கு கேட்டேனா? இது நான் மூணு வருஷம் கட்டின ஏலச்சீட்டுப் பணம். இந்தத் தடவை நாலஞ்சு கிளாஸ் தண்ணி குடிச்சேன்னு அம்மா சொன்னாங்க. அதுக்காகத்தான் கட்டினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். அம்மா போன்ல சொன்ன இன்னொண்ணுதான் தாங்கல. விமான வாசல்ல நின்ன ஊழியர், சுங்குடிப் புடவையையும் கட்டைப்பையையும் பார்த்ததுமே பின்னாடி எகானமிக்குப் போகச் சொல்லிக் கை காட்டியிருக்காங்க. போர்டிங் பாஸை நீட்டின பிறகுதான் வழி விட்டாங்க. உட்கார்ந்ததும் இன்னொருத்தர் வந்து மறுபடி கேட்டிருக்கார். முன் சீட்டுல கோட்டு போட்டிருந்தவர்கிட்ட யாரும் கேட்கல. "செக் பண்றது அவங்க வேலை"ன்னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க. வேலைன்னா அவர்கிட்டயும் கேட்டிருக்கணும்.

பக்கத்து சீட்டுப் பொண்ணு எடுத்து அனுப்பின படம் அது. அம்மா கையில என்ன காகிதம்னு சிலர் கேட்டிருந்தீங்க. போர்டிங் பாஸ். படுக்கையை விரிச்சுக் கொடுத்த பிறகும் அதைப் பையில போடல, தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத்தான் தூங்கியிருக்காங்க.