விமானியின் பார்வைக்காக வெட்டப்பட்ட கண்ணாடி

ஏவியேட்டர் என்று நாம் அழைக்கும் குளிர்கண்ணாடியின் வடிவத்தை யாரும் அழகுக்காக வரையவில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகளாக அது அழகாகவே நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீண்ட காலமாக இந்த ஒரு வடிவத்தையே அணிந்து வருபவன் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தொடக்க கால விமானங்களில் விமானி திறந்த வெளியில்தான் அமர்ந்திருந்தார். காற்றும் குளிரும் நேராக முகத்தில் அறைந்தன. 1920 பிப்ரவரியில் அமெரிக்க விமானி ருடால்ஃப் ஷ்ரோடர் 33,000 அடிக்கு மேல் பறந்தபோது, காப்புக் கண்ணாடியை விலக்கிய சிறிது நேரத்திலேயே அவருடைய கண்கள் உறைந்துபோயின. அக்காலத்துக் காப்புக் கண்ணாடிகள் ரோமமும் தோலும் சேர்ந்து கனத்திருந்ததோடு, உள்ளே பனி படிந்து பார்வையையும் மறைத்தன. பின்னர் விமானி அமரும் இடம் மூடப்பட்டபோது காற்றின் தொல்லை குறைந்தது. ஆனால் மேகங்களுக்கு மேலே வெயிலின் கூச்சம் அப்படியே இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு விடையாகத்தான் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரிலிருந்த பாஷ் அண்ட் லாம் நிறுவனம் 1936-இல் பச்சை லென்ஸ் பொருத்திய ஒரு மாதிரியை உருவாக்கியது. அதன் பிரேம் பிளாஸ்டிக்கால் ஆனது. 1937-இல் கதிரைத் தடுப்பது என்ற பொருள்பட ரே-பான் என்னும் பெயர் அதற்கு வந்தது. அடுத்த ஆண்டே பிளாஸ்டிக்கின் இடத்தை மெல்லிய உலோகக் கம்பி பிடித்துக்கொண்டது.

அந்த லென்ஸின் வடிவத்தைக் கூர்ந்து பாருங்கள். கீழ்நோக்கித் தொங்கும் நீர்த்துளியைப் போல, மூக்கின் அருகே குறுகியும் கன்னத்தின் பக்கம் சரிந்து அகன்றும் இருக்கிறது. விமானி வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. நொடிக்கு நொடி தலையைத் திருப்பாமலேயே கண்களை மட்டும் தாழ்த்தித் தன் முன்னுள்ள கருவிகளையும் பார்க்கிறார். கண் எங்கெல்லாம் உருளுமோ அங்கெல்லாம் லென்ஸும் இருக்க வேண்டும் என்ற தேவைதான் அந்தச் சரிவை வெட்டியது. பிரேம் மெல்லிய கம்பியாக இருப்பதால் பக்கவாட்டுப் பார்வை மறைவதில்லை. பச்சை நிறத்துக்கும் காரணம் உண்டு: மனிதக் கண் பச்சை சார்ந்த ஒளியைத்தான் மிக நுட்பமாக உணர்கிறது என்பதால், கூச்சம் குறைந்த பிறகும் காட்சியின் தெளிவு பெரிதாகக் குறைவதில்லை. 1958-இல் அமெரிக்கன் ஆப்டிக்கல் நிறுவனம் விமானப் படைக்காகச் செய்த வகையில், காதைச் சுற்றி வளையும் கம்பிக்குப் பதிலாக நேரான கம்பியை வைத்தார்கள்; தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே கண்ணாடியைச் செருகவும் உருவவும் முடிய வேண்டும் என்பதே நோக்கம். இந்தக் கண்ணாடியில் காரணமின்றி வளைந்த ஒரு கம்பியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

புகழ் பின்னால் வந்தது. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் முழங்கால் அளவு நீரில் நடந்து கரையேறிய அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் புகைப்படத்தை உலகமே பார்த்தது. அவர் கண்களில் குளிர்கண்ணாடி இருந்தது. 1986-இல் போர் விமானிகளைப் பற்றி வந்த ஒரு ஹாலிவுட் படம் இன்னொரு தலைமுறையை இதன் பக்கம் இழுத்தது. 1999-இல் ரே-பான் என்ற பெயர் இத்தாலியின் லக்ஸாட்டிகா நிறுவனத்தின் கைக்கு மாறியது. நடிகர்களும் தளபதிகளும் இந்த வடிவத்தைப் பரப்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அணிந்த எத்தனையோ பொருள்கள் மறைந்துவிட்ட பிறகும் இது மட்டும் நிற்கிறதென்றால், அதற்கான வலு பொருளுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

இன்று என்னை வருத்துவது, வடிவத்தை மட்டும் நகலெடுத்து லென்ஸைக் கைவிட்டுவிடும் போக்கு. கறுப்பாக இருப்பதாலேயே ஒரு லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. அந்தத் தடுப்பு இல்லாத கருமையான லென்ஸ், வெறும் கண்ணைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடும். ஏனெனில் இருட்டில் கண்மணி விரிந்துகொள்ள, கதிர் முன்னிலும் தாராளமாக உள்ளே நுழைகிறது. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதாக உறுதி தரும் லென்ஸையே கேட்டு வாங்குங்கள். எதிரொளியை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் சாலைக்கும் நீர்நிலைக்கும் மிகவும் நல்லது. ஆனால் விமானிகளுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை, ஏனெனில் கருவித் திரைகளில் உள்ள எழுத்துகளையே அது மங்கச் செய்யக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தோற்றத்தில் மயங்கி ஒரு மலிவான நகலை வாங்கி, அதை அணிந்த நாள்களிலெல்லாம் மாலையில் தலைவலியோடு வீடு திரும்பினேன். அதன் பிறகு, எந்தக் கடையிலும் கண்ணாடியை முகத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன் கை நீளத்துக்கு அதைத் தள்ளிப் பிடித்து, லென்ஸின் வழியே ஒரு கதவின் நேரான விளிம்பைப் பார்த்தபடி மெல்ல அசைக்கிறேன். சாதாரண பவர் இல்லாத லென்ஸில் அந்த விளிம்பு நெளிந்தால், பிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.