அப்பத்தா பெஞ்சில் உட்கார்ந்ததுகூட லண்டன் பார்த்ததுதான்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தையும் அதற்குக் கீழே கமெண்டில் நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்ச், அதில் ஊர் பார்க்க வந்த என் அப்பத்தா, மடியில் கைப்பை. அவ்வளவுதான் படம். "இம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போயி பெஞ்சுலயா உக்கார வச்சிருக்க?" என்று ஒருவர் ஆரம்பித்தார். பிறகு ஆளாளுக்கு. 'லண்டன் ஐ' ராட்சத ராட்டினத்தில் ஏற்றினாயா, அரண்மனை காட்டினாயா, "பாவம் பாட்டி" என்று அழுகிற பொம்மை வேறு. நான் எதையும் அழிக்கவில்லை. பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பத்தாவை நான் அங்கே உட்கார வைக்கவில்லை. அவராகக் கேட்டு உட்கார்ந்தார். "போவமா" என்று நான் கேட்கக் கேட்க, "இருத்தா, செத்த நேரம்" என்று உட்கார்ந்தே இருந்தார். ஊர் பார்க்க வந்தவர் அவர். எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது அவர் இஷ்டம். இதில் புரியாதது என்ன இருக்கிறது?

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாங்கள் போனபோது தண்ணீரில் ஒரு மரத்துண்டு கிழக்கே மிதந்து போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அப்பத்தா என் கையைத் தட்டினார். "ஏத்தா, முன்ன அங்கிட்டுப் போன தண்ணி இப்ப இங்கிட்டு வருது பாரு." பார்த்தேன். ஆமாம், குப்பை கூளமெல்லாம் எதிர்ப்பக்கமாகப் போகிறது. தேம்ஸில் கடல் ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஏழு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். ஆறு திரும்புகிற அந்த நேரத்தை அப்பத்தா தன் கண்ணாலேயே கண்டுபிடித்தார். பாலத்தில் நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் கண்ணில் அது படவே படாது. இதை லண்டன் பார்த்த கணக்கில் சேர்க்க மாட்டீர்களாம்.

சரி, உங்கள் பட்டியலுக்கே வருவோம். லண்டன் ஐ 135 மீட்டர் உயரம். ஒரு சுற்று வர அரை மணி நேரம். நடுவில் இறங்க முடியாது. லிஃப்டில் நாலு மாடி ஏறினாலே தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொள்கிற மனுஷியை அதில் ஏற்ற வேண்டுமா? அரண்மனை வாசலில் காவலர் மாறும் சடங்கு முக்கால் மணி நேரம். முன்வரிசை வேண்டுமென்றால் அதற்கு வெகு முன்னாலேயே போய் இடம் பிடித்து, கூட்டத்தில் நின்றபடியேதான் பார்க்க வேண்டும். பாதாள ரயில் 1863இல் ஓடத் தொடங்கியது, பெருமைதான். ஆனால் இருக்கிற 272 நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் படியே மிதிக்காமல் நடைமேடை வரை போக முடியும். கோவென்ட் கார்டன் நிலையத்தின் சுழல் படிக்கட்டில் மட்டும் 193 படி. அங்கே லிஃப்ட் இருக்கிறது என்று யாராவது எழுத வருவீர்கள். இருக்கிறது. அந்த லிஃப்டை விட்டு இறங்கினாலும் நடைமேடைக்குப் போகப் படி இறங்கத்தான் வேண்டும்.

அதனால் நாங்கள் பஸ்ஸில் போகிறோம். இந்த ஊர் பஸ் எல்லாமே தாழ்தளம், வாசலோரமே முதியோர் இருக்கை. ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பக்கமிருந்து பிம்லிகோ போகும் 24ஆம் எண் பஸ்ஸில், கிளம்பும் இடத்திலேயே ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். கேம்டன், டிரஃபால்கர் சதுக்கம், நாடாளுமன்றம் எல்லாம் தானாகக் கடந்து போகும். அப்பத்தாவுக்கு நாடாளுமன்றத்தைவிடக் கேம்டனில் பச்சை முடியோடு போன பெண்பிள்ளையைத்தான் பிடித்திருந்தது. பிடித்துவிட்டுப் போகட்டுமே!

இன்னொன்று. உங்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. வந்த புதிதில் வெளியே கிளம்பினால் அப்பத்தா தண்ணீரே குடிக்க மாட்டார். பாட்டில் பைக்குள் இருக்கும், மூடி திறக்காது. உதடு வெடித்துப்போயிருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். "போற எடத்துல அவசரம்னா எங்க போறது தாயி" என்றார். பாதாள ரயில் நிலையம் பலவற்றில் கழிப்பறை கிடையாது. பெரிய ரயில் நிலையங்களில் 2019 முதல் காசு வாங்குவதில்லை, பெரிய அருங்காட்சியகங்களிலும் இலவசம். இப்போதெல்லாம் நான் முதலில் கழிப்பறையைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றித்தான் நாளை வகுக்கிறேன். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்தது. அன்றைக்கு அப்பத்தா பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அந்தப் படத்தில் எனக்குத் தெரிவது அதுதான்.

"எங்க தாத்தா எழுபது வயசுல மலையே ஏறினாரு" என்று ஒருவர். சந்தோஷம். அவர் ஆசைப்பட்டு ஏறினார், அப்பத்தா ஆசைப்பட்டு உட்கார்ந்தார். "செலவுக்குப் பயந்துட்டு" என்று இன்னொருவர். பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் நேஷனல் கேலரிக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. காசுதான் கணக்கு என்றால் தினமும் அங்கேயே விட்டிருப்பேனே.

ஆனால் ஒரு கமெண்டை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. "இதுதான் கடைசி, இனிமே எங்க வரப்போறாங்க, அதுக்குள்ள நல்லா காட்டிடு." நல்ல மனதோடு எழுதியிருக்கலாம். பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் காலைத் தொங்கப்போட்டு வந்தவர், விசா கிடைப்பது ஆறு மாதத்துக்கு, திரும்ப வருவது சுலபமில்லை என்று எனக்குத் தெரியாதா? தினமும் ராத்திரி அந்த நினைப்போடுதான் படுக்கிறேன். மிச்சமிருக்கிற நாள் குறைவு என்பதால்தான் அதை வரிசையில் நின்று கரைக்க மனமில்லை.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பார். தன் படத்துக்குக் கீழே யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று என் போனை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். நான் தடுப்பதற்குள் அந்த வரிக்கு வந்துவிட்டார். "ஏந்தா, நான் போய்ச் சேரப் போறேன்னா எழுதியிருக்காக?" என்ன சொல்வது நான்?

அந்தக் கமெண்டை எழுதியவர் வெளியாள் இல்லை. எங்கள் சொந்தம். அப்பத்தா ஊரில் இருந்தபோது கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பையனோடு போனார். அப்போது இந்தக் கவலை யாருக்கும் வரவில்லை. பிக் பென் மணிக்கூண்டு பின்னால் தெரிய ஒரு படம் இல்லையே என்கிற துக்கம் மட்டும் இப்போது எல்லோருக்கும் பொங்குகிறது. அந்தப் படம் யாருக்கு வேண்டும்? அப்பத்தா கேட்கவே இல்லை. ஊரில் நாலு பேருக்குக் காட்ட உங்களுக்கு வேண்டும். அவர் முட்டி வலியை விலையாகக் கொடுத்து அதை நான் எடுத்துத் தர மாட்டேன்.

அப்பத்தாவே வாய் திறந்து கேட்ட இடம் ஒன்று உண்டு. க்யூ தோட்டம், இங்கிருக்கும் பெரிய தாவரவியல் பூங்கா. அங்கே 1848இல் கட்டி முடித்த கண்ணாடி வீட்டுக்குள் வாழை வளர்க்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து, "இந்தக் குளிர்ல எப்படித்தா உசுரோட வச்சிருக்காக" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமை போகிறோம். அது ஒன்றுதான் பார்ப்போம். வேறு எங்கும் போகப்போவதில்லை. படமும் போடுவேன். கமெண்ட் எழுதுகிறவர்கள் எழுதுங்கள். அப்பத்தா வாசிப்பார்.