ஸ்பெயினில் இளைஞர்களில் பாதிப்பேருக்கு வேலை இல்லையா?

2013-ஆம் ஆண்டின் ஐரோப்பிய இளைஞர் வேலையின்மை வரைபடத்தைக் காட்டி, "ஸ்பெயினில் இளைஞர்களில் பாதிக்கு மேல் வேலையற்றவர்கள்" என்று பரப்புகிறார்கள். எண் சரி, அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் தவறு. வரைபடத்தில் ஸ்பெயினுக்குப் போட்ட 55% சொச்சம் எப்படி வந்தது? 15–24 வயதில் வேலை பார்ப்போரையும் தேடுவோரையும் மட்டும் கூட்டி, அதில் தேடுவோரின் பங்கை எடுத்தார்கள். படிப்போடு மட்டும் இருக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அந்த வயதினர் எல்லோரையும் வைத்து வகுத்தால் சுமார் 21%தான். அதுவும் மோசம்தான், ஆனால் பாதி இல்லை.

ஜெர்மனியோடு ஒப்பிட்டால் இன்னொரு கோளாறு: அங்கே சம்பளத்துடன் தொழிற்பயிற்சி பெறுவோர் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்படுவார்கள். தொழிற்கல்வியைப் பள்ளியிலேயே தரும் நாடுகளில் அதே வயதினர் கணக்குக்கு வெளியே நிற்பார்கள்; அதனால் அங்கே வேலையின்மைச் சதவீதம் கூடித் தெரியும். ஆகவே படிப்பு, பயிற்சி, வேலை மூன்றிலும் இல்லாதோரின் பங்கையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் அதையும் வெளியிடுகிறது.