மூன்று வயதில் எழுதச் சொல்லாதீர்கள்

எல்கேஜி முடிப்பதற்குள் குழந்தை எழுதப் பழகிவிட வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். மேலூர்ப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பொதுவாகப் பிள்ளைகளுக்கு 3 வயதில் வட்டம் வரைய வரும், 4 வயதில் கூட்டல் குறி, சாய்கோடு போட வேண்டிய முக்கோணம் 5 வயதை ஒட்டித்தான். சாய்கோடே பிடிபடாத பிள்ளையை 'அ' எழுதச் சொன்னால் என்ன ஆகும்? பென்சிலை மொத்தக் கையாலும் இறுக்கிப் பிடிக்கிறது, தாள் கிழிகிறது, அப்புறம் நோட்டைக் கண்டாலே அழுகை.

முதலில் விரலுக்கு வேலை கொடுங்கள். எங்கள் மையத்தில் ஒரு பிள்ளை புளியங்கொட்டையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லாங்குழியில் போடுவாள். பென்சிலுக்கும் அந்தப் பிடிதான் வேண்டும். எண்ணிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. (சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும், பக்கத்தில் ஆள் இருக்கணும்.)

செல்போனைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 3, 4 வயதில் திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. சோறு ஊட்டும்போது போனைக் காட்டாமல் பிள்ளையிடம் பேசுங்கள். "அது என்ன, ஏன்" என்று அது கேட்டால் சலிக்காமல் பதில் சொல்லுங்கள். வார்த்தை அப்படித்தான் சேரும். எழுத்து 5 வயதுக்கு மேல் வந்தால் போதும்.