பைத்தியம் என்று துண்டு காட்டினால் கொலைக் கேசில் விட்டுவிடுவார்களா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கொலை வழக்கு ஒன்று வந்தாலே, “லோயர் பைத்தியம் என்று துண்டு காட்டுவார், ஆள் அடுத்த மாதம் வீட்டுக்கு வந்துவிடுவான்” என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு சுற்றத் தொடங்கிவிடும். இது பொய்.

தண்டனைச் சட்டக்கோவை 77ஆம் பிரிவு கேட்பது, செய்த அந்த நேரத்தில், மனநோயால், தான் என்ன செய்கிறேன் என்றோ அது பிழை என்றோ அறிய முடியாத நிலையில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இருந்தாரா என்பதைத்தான். முன்பு எப்போதோ கிளினிக்குக்குப் போன துண்டு மட்டும் அதற்குப் போதாது, நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியுடையதே. சரி, நிரூபித்தாலும் நேரே வீட்டுக்கு அனுப்புவதில்லை, நீதிமன்றம் காவலில் வைக்கவே உத்தரவிடும். கொலைக்குத் தீர்ப்புச் சொல்வதும் நீதவான் இல்லை, மேல் நீதிமன்றம்.

பிள்ளையைப் பறிகொடுத்து, தவணைக்குத் தவணை பஸ் ஏறி வந்து கோட்டு வாசலில் நிற்கும் தாயின் போனுக்கும் அந்தக் குரல்பதிவு போகிறது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.